கராம்பு காயும் நாளில் மழைத் தொழுகை

கராம்பு மரம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் யார் கெஞ்சினாலும் பூக்காது. அலவத்துகொட மேட்டில் மஹ்மூதின் காணியில் நின்ற மரங்கள் மூன்று வருஷம் அப்படித்தான் நின்றன. உரம் போட்டார், அடியில் சருகு பரப்பினார், விவசாயக் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் சொன்ன மருந்தையும் அடித்துப் பார்த்தார். கராம்பு மொட்டு விட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மரம் கொஞ்சநாள் தாகத்தில் கிடக்க வேண்டும். தை பிறந்த பிறகும் மழை விடாமல் கொட்டினால் அது என்ன செய்யும்? தளதளவென்று இலையைத்தான் விட்டது. பாதையில் போகிறவர்கள் மரம் நல்ல செழிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் செழிப்பைப் பார்க்கப் பார்க்க மஹ்மூதுக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷம் மழை விட்டது. விட்டதென்றால் ஒரேயடியாக விட்டுவிட்டது. மரம் முழுக்க மொட்டு வந்தது, ஆனால் பிந்தி வந்தது. மாசி வெயிலில் காய்ந்து சாக்கில் ஏறியிருக்க வேண்டிய கராம்பு, சித்திரையில் சிங்கள வருஷத்துக்கு ஊரெல்லாம் பலகாரம் சுடுகிற நேரத்தில்தான் சிவக்கத் தொடங்கியது. அது அந்தப் பக்கத்துக்கு இடியோடு மழை வர வேண்டிய காலம். அந்த மழையையும் காணவில்லை. கிணறுகள் அடிக்கல்லைக் காட்டின. தினமும் பின்னேரம் மஹ்மூதின் போனுக்கு ஒரு செய்தி வரும், மத்திய மலைநாட்டில் மழை பெய்யலாம் என்று. பெய்யலாம் என்றுதான் வரும். பெய்யும் என்று ஒருநாளும் வரவில்லை. வாசித்துவிட்டு அவர் மரத்தைப் பார்ப்பார். ஊரில் அந்தச் செய்தி பொய்யாகப் போவதில் நிம்மதி அடைந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருந்திருப்பார்.

நிம்மதிக்குக் காரணம் இருந்தது. காணி அவருக்கும் தம்பி ஸமீமுக்கும் பொது. ஸமீம் பிலிமத்தலாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். கராம்பு நிற்கிற கீழ்த்தட்டை வெட்டிச் சமப்படுத்தி, வாடகைக்கு விடுகிற மாதிரி நாலு அறை கட்டலாம் என்பது அவனுடைய நெடுநாள் யோசனை. அவன் கெட்டவனில்லை. நானா என்று அழைக்கிற அண்ணனின் வாயை அடைத்துவிட்டு ஒரு வேலையும் செய்யமாட்டான். அதனால்தான் மூன்று வருஷம் பொறுத்திருந்தான். மொட்டு வந்த செய்தி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், மஹ்மூதின் மனைவி ஹபீலா ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் சொன்னான்.

"நானா, இந்த மொறயும் பாப்போம். கராம்பு ஒழுங்காக் காஞ்சு சாக்குல ஏறினா மரம் நிக்கட்டும், நான் மறுகா வாயத் தொறக்க மாட்டேன். ஏறாட்டி வெட்டுவோம். சும்மா நிக்கிற மரத்துக்கு இன்னம் எத்தின வருஷம் காவல் ஈக்கிற?"

மஹ்மூத் சரியென்றார். அந்த மரங்கள் அவர் கல்யாணம் முடித்த வருஷம் தன் கையால் குழி தோண்டி வைத்தவை. அதைச் சொன்னால் ஸமீம் சிரிக்கமாட்டான், ஆனால் அதற்காக வாடகை கொடுக்க ஆளும் வராது.

மேல்தட்டில் முன்பு மிளகு இருந்தது. இப்போது மிளகு ஏறிய மரங்கள் மட்டும் நின்றன. மிளகுக் கொடிக்குச் சொந்தக் கால் கிடையாது. கிளிசீரியா மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். வைகாசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மரங்களின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். கொடிக்கு வெளிச்சம் படும், பின்னாலேயே மழை வரும், கொடி பூவெடுக்கும். மஹ்மூத் வயது வந்த நாள் முதல் அந்த மாதத்தில்தான் கத்தியை எடுப்பார். போன வருஷத்துக்கு முந்திய வருஷமும் எடுத்தார். ஒரே நாளில் எல்லா மரத்தையும் மொட்டையடித்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வரவில்லை. நிழல் இழந்த கொடிகள் வெயிலில் முதலில் மஞ்சளாகி, பிறகு கறுத்து, கடைசியில் தொட்டால் நொறுங்குகிற பதத்துக்கு வந்தன. ஒரு மாதம் பிந்தி மழை வந்தபோது நனைவதற்கு அங்கே கொடி இருக்கவில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த மேட்டில் பாதிப்பேர் அதே வாரம் அதே வேலையைச் செய்து அதே மாதிரி இழந்திருந்தார்கள்.

கிணற்றுக்குப் பின்னால் பலாமரத்தின் நிழலில் மூன்று கொடிகள் தப்பியிருந்தன. மஹ்மூத் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஹபீலா பார்த்தாள். வெயிலுக்குச் சாகாத கொடி என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்பது அவளுடைய எண்ணம். கணுக்கணுவாக வெட்டி, கறுத்தப் பைகளில் மண் நிரப்பி நட்டு, மூங்கிலை வளைத்துக் கூடாரம் மாதிரி கட்டி, மேலே வெள்ளைப் பொலித்தீன் போர்த்தி மூடினாள். ஈரம் வெளியே போகாமல் உள்ளேயே நிற்க வேண்டும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போனது. இலை விட்டு, துளிர் விட்டு, நடுகிற பதத்துக்கு வந்துவிட்டன. மண் ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்தால் அன்றைக்கே நடுவேன், அதற்கு முன்னால் எந்த மாதம் பிறந்தாலும் நடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். பைகளுக்குள் வேர் சுற்றத் தொடங்கி அவை காத்துக்கொண்டிருந்தன.

ஆக, ஒரே வீட்டில் கணவனுக்கு வெயில் வேண்டும், மனைவிக்கு மழை வேண்டும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. முன்பு இப்படி மோதியதே இல்லை. கராம்பு வெயிலில் காயும், மிளகு மழையில் நடப்படும், இரண்டுக்கும் இடையில் மாதங்கள் கிடந்தன.

கராம்பை மரத்தில் வைத்துக் காத்திருக்கவும் முடியாது. மொட்டு சிவந்ததும் பறித்துவிட வேண்டும், விரிந்து பூவாகிவிட்டால் அதை யாரும் சீண்டமாட்டார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இராமையா வந்து ஏணி போட்டு, கயிறு கட்டி, கொக்கியால் கிளையை வளைத்துக் கொத்துக் கொத்தாகப் பறித்துப் போட்டார். கறிவேப்பிலையைப் போல மெதுவாக ஒடிக்க வேண்டும், இழுத்தால் அடுத்த வருஷத்துக் கிளையும் சேர்ந்து வந்துவிடும். கீழே மஹ்மூதும் ஹபீலாவும் உட்கார்ந்து மொட்டு வேறு காம்பு வேறாகக் கிள்ளினார்கள். விரலெல்லாம் எரிந்தது. அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் அழுகை வரும். இராமையா மரத்தின் மேலிருந்தே பேசுவார், தோட்டத்திலும் கொழுந்து இல்லை, செடியெல்லாம் கருகுது, பேருக்கு அரைநாள் வேலைதான் தருகிறார்கள் என்று. அவருடைய சம்சாரம் ராக்கம்மா விடிய எழும்பி தொழிலாளர் லயத்துக் குழாயில் வரிசையில் நின்று ஒரு குடம் பிடிக்கிறதற்குள் பகல் வந்துவிடுகிறதாம்.

பறித்தது முழுக்க முற்றத்தில் பாய்களிலும் சாக்குகளிலும் விரிந்து கிடந்தது. ரோஸ் நிறத்தில் கிடந்த கராம்பு முதல் வெயிலிலேயே செம்மண் நிறத்துக்கு வந்தது. அன்றைக்குத்தான் நபீல் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், கீழே ஓடுகிற ஓயா என்ற ஓடைக்குப் பக்கத்தில் போஞ்சியும் கறிமிளகாயும் போட்டவர். போஞ்சி காய்க்கிற நேரத்தில் கிணறு வற்றிப்போய் முகம் சுருங்கியிருந்தது. முற்றத்துக்குள் வந்தவர் பாய்களைக் கண்டதும் கால் வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி நின்றுவிட்டார்.

"நானா, திங்கக்கெழம காலையில மழைத் தொழுக. மௌலவிதான் ஊடூடாப் போய் செல்லச் சென்னார். மைதானத்துல தொழுற. அதுக்கு முந்தி மூணு நாள் நோம்பு புடிக்கச் செல்றார். ஆளுக்காள் மனக்கசப்பு ஈந்தாலும் பேசித் தீத்துட்டு வரட்டாம்."

"நல்லம் தம்பி," என்றார் மஹ்மூத்.

நபீல் போகவில்லை. பாயில் கிடந்ததில் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"இது காய எத்தின நாள் வேணும்?"

"இந்த வெயில் இப்பிடியே அடிச்சா, பறிச்ச நாள்ல ஈந்து ஏழெட்டு நாள். மத்தியில நனஞ்சா வெளுத்து, புழுங்கி, மணமும் போயிரும். மறுகா அது குப்ப."

நபீல் மனதுக்குள் நாட்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. எண்ணி முடித்த பிறகு அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய மரியாதை. அல்லாஹ் நேரம் பார்த்துத் தருவான் நானா என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து ஹபீலா, பெண்களும் வரலாமா என்று கேட்டாள். பின்னால் சீலை கட்டி மறைக்கிறோம், வாருங்கள் தாத்தா என்று அக்கா முறை வைத்துச் சொன்னார் நபீல்.

மூன்று நாளும் இருவரும் நோன்பு பிடித்தார்கள். நோன்போடு வெயிலில் நின்று கராம்பைக் கிளறுவது லேசான வேலையில்லை. விடியுமுன் ஸஹருக்கு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார்கள், பின்னேரம் பேரீத்தம்பழத்தோடு கஞ்சி. மஹ்மூதுக்கு நோன்பு பெரிதாகத் தெரியவில்லை. மழைக்காகப் பிடிக்கிற நோன்போடு மழை வரக்கூடாதே என்று வானத்தைப் பார்ப்பதுதான் அவரை வாட்டியது. கராம்பு கிளறுகிறபோது தன்னையறியாமல் அவர் வாய் முணுமுணுத்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

திங்கட்கிழமை காலை மைதானத்தில் புல் என்று ஒன்று இருக்கவில்லை, புழுதிதான். பெருநாளுக்குப் போடுகிற உடுப்பை யாரும் போடவில்லை. பழைய சாரன், பழைய சேர்ட், தோளில் ஒரு சால்வை. வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்கள். ஒருவர் தன் ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார், வாயில்லாத ஜீவன்கள் சேர்ந்து கேட்டால் அல்லாஹ் இரங்குவான் என்று. ஆடு மைதானத்தின் ஓரத்தில் நின்று தொழுகை முடிகிற வரைக்கும் கத்தியது.

தொழுகைக்குப் பிறகு மௌலவி மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த சால்வையைப் புரட்டிப் போட்டார். உள்பக்கம் வெளியே வந்தது. எங்கள் நிலைமையையும் இப்படிப் புரட்டிவிடு என்று கேட்கிற அர்த்தம் அது. எல்லாரும் புரட்டினார்கள். மஹ்மூதும் புரட்டினார். பிறகு புறங்கை வானத்தைப் பார்க்கக் கைகளை உயர்த்தினார்கள். மௌலவி தமிழிலேயே கேட்டார், அவருடைய குரல் உடைந்திருந்தது. பயன் தருகிற மழையைத் தா என்றார், மைதானமே ஆமீன் சொன்னது, மஹ்மூதும் சொன்னார். அழிக்காத மழையைத் தா என்றார். அதற்கு மஹ்மூதின் ஆமீன் கொஞ்சம் அழுத்தமாகவே வந்தது. பிந்தாமல் தா, இப்போதே தா என்றார் மௌலவி.

மஹ்மூதின் நாக்கு எழும்பவில்லை.

இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கிறவர்கள் கண்ணீரோடு ஆமீன் சொன்னார்கள். வலப்பக்கம் நின்ற நபீலின் உடம்பு குலுங்கியது மஹ்மூதின் தோளில் தெரிந்தது. அவர் உதட்டை மட்டும் அசைத்தார். நாலு நாள் பிந்தட்டும் யா அல்லாஹ், நாலே நாள், என்று உள்ளுக்குள் பேரம் பேசினார். பேரம் பேசுகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. கை உயர்த்தியபடியே வெட்கப்பட்டார்.

அடுத்தநாள் பகல் வெயில் கொளுத்தியது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மஹ்மூத் முற்றத்தில் இறங்கியபோதும் வெயில்தான். கராம்பின் காம்பை ஒடித்தால் இன்னும் வளைந்துதான் ஒடிந்தது. படக்கென்று முறிகிற பதம் வர இன்னும் இரண்டு வெயில் வேண்டும். அந்த நேரத்தில் பின்மலைக்கு மேலால் காற்று ஒன்று கிளம்பியது. அந்த மலை மறைப்பதால் மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். பாக்குமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. முதல் துளி மஹ்மூதின் கழுத்தில் விழுந்தது, அடுத்தவை பாயில்.

"ஹபீலா!"

அவள் கிணற்றடியில் இருந்தாள். மஹ்மூத் பாயின் இரண்டு மூலையைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். ஒரு பாயைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கவே மூச்சு வாங்கியது. திரும்பினால் மழை சரம்சரமாக விழுகிறது. கீழ்ப்பக்கத்துச் சாக்குகளில் கிடந்த கராம்பு தண்ணீரோடு எழும்பி மிதந்து வாய்க்காலைப் பார்த்துப் போனது. வெறுங்கையால் அள்ளினார், விரல் இடுக்கால் தண்ணீர் மட்டும்தான் போயிருக்க வேண்டும், கராம்பும் போனது. அப்போது ஹபீலா கிணற்றுப் பக்கமிருந்து ஓடிவந்தாள். அவள் கையில் பெரிய வெள்ளைப் பொலித்தீன் காற்றில் படபடத்தது. மேல்பக்கத்துப் பாய்கள் மேல் அதை விரித்தாள், மூலைகளில் கல்லை வைத்தாள், கல் போதாமல் ஒரு மூலையில் தானே உட்கார்ந்தாள். முக்காடு நனைந்து முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மழை அதற்குள் விட்டுவிட்டது. அடுப்பில் தேத்தண்ணீர் கொதிக்கிற நேரம்கூடப் பெய்யவில்லை. மேகம் மாத்தளைப் பக்கம் போய்விட, சாய்ந்த வெயில் ஒன்றும் தெரியாதது போல் மறுபடி முற்றத்தில் விழுந்தது. மஹ்மூத் மண்வெட்டியை எடுத்து மண்ணில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தார். மேலே விரல்கணு அளவுக்குத்தான் நனைந்திருந்தது. அதன் கீழே அதே புழுதி. கிணற்றிலும் ஓயாவிலும் எந்த மாற்றமும் இல்லை. கராம்பை நாசமாக்கப் போதுமான மழை, வேறு ஒன்றுக்கும் போதாத மழை.

அந்தப் பொலித்தீன் எங்கிருந்து வந்தது என்பது மஹ்மூதுக்கு மறுநாள் மத்தியானம்தான் உறைத்தது. கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர், மூங்கில் வளையங்கள் மொட்டையாக நிற்பதைக் கண்டார். மூடிய ஈரத்தில் வளர்ந்த துளிர்கள் காலை வெயிலிலேயே துவண்டு பையின் விளிம்பில் சாய்ந்து கிடந்தன. பாதியாவது இனித் தேறாது. ஹபீலா வாழையிலைகளை வெட்டி மேலே போட்டிருந்தாள். பொலித்தீனைத் திருப்பிக் கட்ட முடியாது, கல்லில் மாட்டி நடுவால் கிழிந்திருந்தது. இத்தனை நாளும் வானத்தைப் பார்த்தாரே, ஒருதடவையாவது இந்தப் பைகளை நினைத்தாரா? நினைக்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

ஊரில் அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. ஊரே சேர்ந்து கேட்டும் அரை மழைதான் வந்தது, யாரோ மனசில்லாமல் நின்றிருக்கிறார்கள் என்று. மௌலவி அப்படிச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலை மறுபடி தொழுவோம் என்றுதான் சொன்னார். அதைச் சொல்ல வந்த நபீல், நனைந்த கராம்பைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் மஹ்மூதுக்குத் தாங்கவில்லை. ஓயாவிலிருந்து தண்ணீர் சுமந்து நபீலின் தோள்பட்டை சிவந்திருந்ததை அவர் பார்த்தார்.

பின்னேரம் ஹபீலா தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெளுத்ததை வேறாக, தப்பியதை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாதி தப்பியிருந்தது. அந்தப் பாதியாவது ஒழுங்காகக் காய்ந்தால் ஸமீமிடம் காட்டலாம், அவன் சாக்கைத் தராசில் போட்டுப் பார்க்கிறவனில்லை. மஹ்மூத் அவளுக்கு எதிரே குந்தினார்.

"அண்டைக்கு நான் ஒழுங்கா ஆமீன் செல்லல்ல, ஹபீலா."

அவள் கை நிற்கவில்லை.

"மத்த எல்லாத்துக்கும் சென்னேன். இப்பவே தா எண்டு மௌலவி கேக்கக்குள்ள வாய் வரல்ல. நாலு நாள் பிந்தட்டும்ண்டு கேட்டேன். அதுதான் இப்பிடி அரையும் கொறையுமா வந்தீக்கி."

"ஒங்கட ஒரு ஆமீனுக்குத்தான் அல்லாஹ் மழைய அளந்து ஊத்தினானா? அப்பிடியெண்டா என்டதையும் சேத்துக் கணக்குப் பாருங்க. நான் ஒண்டுக்குமே செல்லல்ல."

மஹ்மூதுக்கு விளங்கவில்லை. "நீயா? நீதானே மழ மழண்டு ஈந்த. ஒன்ட கொடி?"

"கொடிய மறுகா வெட்டி வெக்கேலும். கிணத்தடியில தாய்க்கொடி ஈக்கிது. மரத்த வெட்டினா வெட்டினதுதான். அந்த மரம் சின்னக் கண்டா ஈக்கக்குள்ள மொதல் கோடைக்குத் தண்ணி சொமந்தது யாரு? எனக்கு மட்டும் ஆச இல்லையா?" அவள் வெளுத்த கராம்பை ஒரு கை அள்ளி ஓரமாகப் போட்டாள். "சீலைக்குப் பின்னால எல்லாரும் ஏங்கி ஏங்கி அழுறாங்க. நான் கைய நீட்டிட்டு, இவருட கராம்பு காயட்டும், வெயிலத் தா எண்டு கேட்டேன். பக்கத்துல நின்ட பஸ்லினா கைப்புள்ளயோட, ஊட்டுல குடிக்கத் தண்ணி இல்லாம வந்தீந்த. அவளுக்குப் பக்கத்துல நின்டுதான் வெயில் கேட்டேன். இப்ப அவள்ட மொகத்தப் பாக்க ஏலா."

அவள் அழவில்லை. களைத்துப் போயிருந்தாள். மஹ்மூதும் ஒரு கை அள்ளிப் பிரிக்கத் தொடங்கினார். தான் தனக்காக வாயை மூடிக்கொண்டதும், அவள் தன்னுடையதை விட்டுவிட்டு அவருக்காக வாயை மூடிக்கொண்டதும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் அது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை வெயில் நன்றாக அடித்தது. தப்பிய கராம்பைப் பரப்பினார். பரப்பிவிட்டுக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் அக்குறணையில் பச்சைக் கராம்பு வாங்குகிற ஆளுக்குப் போன் எடுத்தார். காய்ந்தும் காயாததுமான சரக்கு, வந்து பார்த்துவிட்டு விரும்பியதைக் கொடுங்கள் என்றார். அந்த மாதிரி விற்கிறவனை வியாபாரி ஒருநாளும் காத்திருக்க வைக்கமாட்டான். மத்தியானத்துக்கு முன் வேன் வந்துவிட்டது. சாக்குத் தூக்க வந்த இராமையாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க மொதலாளி, வெயிலு நல்லாத்தானுங்களே அடிக்குது? இன்னும் ரெண்டு நாளு போட்டா கலகலன்னு காஞ்சுருமே. இப்பப் போயி எதுக்குங்க குடுக்குறீங்க?"

"தூக்குங்க இராமையா."

வேன் போன பிறகு முற்றம் வெறிச்சென்று கிடந்தது. மஹ்மூத் பாய்களைத் தட்டிச் சுருட்டினார். கிணற்றடியிலிருந்து வந்த ஹபீலா முற்றத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மரம்?"

"ஸமீமுக்குப் போன் எடுத்துச் சென்னேன். ஆள் புடிச்சு வெட்டட்டும்."

"பாதி தப்பினதுதானே. நான் ஒங்களுக்கிட்ட விக்கச் சென்னேனா?"

"நீ செல்லல்ல. எனக்குத்தான் இனி ரெண்டு பக்கமும் துஆ கேக்க ஏலா, ஹபீலா. ஒரு வருஷம் மழ வேணாம்ண்டு அழுற, அடுத்த வருஷம் வேணும்ண்டு அழுற, இந்த வருஷம் ரெண்டையும் ஒரே வாயால கேக்கிற. மிச்சம் களச்சிட்டேன்."

ஹபீலா கீழ்த்தட்டுக்குப் போகிற படியில் போய் உட்கார்ந்து மரங்களைப் பார்த்தபடி இருந்தாள். மஹ்மூத் அவளைக் கூப்பிடவில்லை. பின்னேரம் அவர் கடைக்குப் போய்ப் புதுப் பொலித்தீன் வாங்கிவந்து, எஞ்சிய பைகளை மட்டும் நெருக்கி வைத்து, மூங்கில் வளையங்களின் மேல் இழுத்துக் கட்டினார். அவருக்கு அது கட்டத் தெரியவில்லை. அவள் வந்து அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் முதல் தடவை வந்ததில் பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள். சிலருக்கு அலுப்பு, சிலர் பவுசர் வண்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். சூரியன் எழும்பும்போதே கொதித்தது, வானம் மலையிலிருந்து மலைவரைக்கும் வெறும் நீலமாகக் கிடந்தது. ஹபீலா சீலைக்குப் பின்னால் போனாள். மஹ்மூத் முன் வரிசைக்குப் போனார். அவர் வருவார் என்று எதிர்பார்க்காத நபீல் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நானா, கராம்ப யார்ட பொறுப்புல உட்டுட்டு வந்தீங்க?"

"அள்ளிட்டேன் தம்பி."

"காஞ்சிட்டா?"

"இல்ல."

நபீல் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைத் தோளால் மெல்ல நெருக்கி, வரிசையில் மஹ்மூதுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.